வீட்டுப் பெரியவருக்கு மறுபடி மறுபடி பேதி ஆகிறதா?

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



குடும்ப நலத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று சொன்னதுமே சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டீர்கள். பிள்ளை எத்தனை, அடுத்தது எப்போது என்று கணக்குக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைப்பு. இன்றைக்கு அந்தப் பேச்சு இல்லை. குடும்பத்தில் உங்களுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இன்று உங்களுக்கு மேலே இருப்பவர்களைப் பற்றி, உங்கள் அப்பா அம்மாவை, மாமனார் மாமியாரைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலும் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயம். வயதானவர்களுக்குப் பேதியாகி, நின்று, பத்து நாள் கழித்து மறுபடியும் ஆகிறதே, அது ஏன், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான்.

இதைத் தம்பதிகள் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான வீட்டில் மருந்துக் கடைக்குப் போகிறவர் ஒருவர், துணி அலசுகிறவர் இன்னொருவர். கடைக்குப் போனவருக்கு எத்தனை தடவை போயிற்று, ரத்தம் கலந்திருந்ததா என்று தெரியாது. துணி அலசியவருக்கு என்ன மாத்திரை வாங்கி வந்தார்கள் என்று தெரியாது. டாக்டருக்கோ இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

நான் பார்த்த பல குடும்பங்களைச் சேர்த்து ஒரே குடும்பமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

நம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களிலிருந்து தினமும் விடியற்காலையில் ரயிலும் பஸ்ஸும் ஏறிச் சென்னைக்குப் பிழைக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று உங்களுக்கே தெரியும். மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிப் பூ விற்கிறவர்கள், தியாகராய நகரில் கடைக்குக் காவல் இருப்பவர்கள், அடையாறில் வீட்டு வேலை செய்பவர்கள். இந்தக் குடும்பத்தில் அம்மாவுக்கு வயது 68. மயிலாப்பூரில் மாட வீதியில் பூக்கூடை. பத்து வருஷமாகச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். வயிறு எரிகிறது என்று 'கேஸ் மாத்திரை' ஒன்றும் தினமும் உண்டு. பல் வீங்கியது, ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது. ஒரு வாரத்தில் பேதி ஆரம்பித்தது. மகன் மாம்பலத்தில் ரயிலேறும் முன் மருந்துக் கடையில், "அம்மாவுக்கு வயிறு சரியில்ல, நல்ல மாத்திரையா குடுங்க" என்றார். ஓர் அட்டை கிடைத்தது. இரண்டு நாளில் குறைந்தது. மீதி மாத்திரை அலமாரிக்குப் போயிற்று. இரண்டு வாரத்தில் மறுபடி பேதி. அந்த மீதியைக் கொடுத்தார்கள். மூன்றாம் தடவை வேறு கடை, இன்னும் விலை கூடிய மாத்திரை.

அந்த அம்மா இதையெல்லாம் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. மருமகள் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, ரெண்டு தடவ போச்சு" என்பார். ஆறு தடவை போயிருக்கும். இன்னொன்றும் செய்தார். வீதியில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிற பெண்பிள்ளைக்கு அவசரத்துக்கு ஒதுங்க இடம் ஏது? அதனால் காலையில் கிளம்பினால் சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். பேதியும் போகிறது, தண்ணீரும் இல்லை. ஒரு நாள் ரயிலில் எழுந்து நின்றவர் அப்படியே சரிந்தார். பார்த்தவர்கள் சர்க்கரை குறைந்துவிட்டது என்றார்கள், வெயில் என்றார்கள். உடம்பில் நீர் வற்றிப்போனதுதான் முதல் காரணம். நீர் வற்றினால் சிறுநீரகம் நின்றுபோகும். வயதானவர்கள் பேதியில் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதில் மகன் கெட்டவரா? இல்லை. அம்மாமேல் பாசம் இருக்கப்போய்த்தான் மூன்று தடவை கடை ஏறினார். ஆனால் முதல் தடவை கொடுத்ததையே, அல்லது அதன் பெரியண்ணனை, மறுபடி மறுபடி கொடுத்தார். ஏன் திரும்ப வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பெரியவர்கள் சொல்வார்கள்: "நாங்க அறுவது வருஷமா இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறோம், எங்களுக்கு என்ன ஆகப்போவுது?" கொஞ்சம் உண்மைதான். ஒரே கிருமியோடு பல வருஷம் பழகினால் உடம்பு அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் இதற்கு இதே சென்னையில் ஒரு பதில் கிடைத்தது. 1992ஆம் ஆண்டு கடைசியில், அப்போது மெட்ராஸ் என்று பேர், இங்கே காலராவைப் போலவே ஒரு நோய் கிளம்பியது. வழக்கமான காலராக் கிருமி அன்று. அதன் புது உருவம். பிறகு அதற்கு 'ஓ 139' என்று எண் வைத்தார்கள். சில மாதங்களில் கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவிவிட்டது. காலரா அடிக்கடி வரும் ஊர்களில் வழக்கமாகக் குழந்தைகள்தான் அதிகம் படுப்பார்கள். இதிலோ பெரியவர்கள் ஏராளமாகப் படுத்தார்கள். பழைய கிருமிக்கு எதிராக வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த பலம் புதியதன் முன் செல்லவில்லை. ஆகவே பழகின தண்ணீர் என்ற தைரியம் வேண்டாம்.

அது மட்டுமல்ல. வயது ஏற ஏற வயிற்றின் காவல் தளர்ந்துபோகிறது. நம் இரைப்பையில் சுரக்கும் அமிலம், சாப்பாட்டோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதியை வாசலிலேயே கொன்றுவிடும். கேஸ் மாத்திரை என்று சொல்கிறோமே, ஒமிப்ரசோல், பான்டாப்ரசோல், அவை இந்த அமிலத்தைத்தான் குறைக்கின்றன. தேவைப்படுகிறவருக்கு அது நல்ல மருந்து. ஆனால் எப்போதோ ஒரு தடவை எழுதிக் கொடுத்ததை ஐந்து வருஷமாகத் தின்றுகொண்டிருப்பவர்கள் உண்டு. அது இன்னும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வயதானவருக்குத் தாகமும் குறைவாகத்தான் எடுக்கும். உடம்பு வறண்டாலும் தண்ணீர் கேட்கமாட்டார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆன்டிபயாடிக் சாப்பிட்டு நின்ற பேதி திரும்ப வருவதற்கு, அந்த ஆன்டிபயாடிக்கே காரணமாக இருக்க முடியும்.

நீங்கள் வயல்காரர்கள், உங்களுக்கு இது சுலபமாகப் புரியும். நம் குடலுக்குள் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் பயிர் மாதிரி நெருக்கமாக வளர்ந்திருக்கின்றன. நெருக்கமாக இருப்பதால்தான் களைக்கு இடமில்லை. பல்லுக்கோ, சளிக்கோ, மூத்திரக் கடுப்புக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது அந்த மருந்து களையை மட்டும் தேடிப் பிடிப்பதில்லை. பயிரையும் சேர்த்துப் பொசுக்குகிறது. வயல் வெறிச்சென்று ஆனதும் என்ன முளைக்கும்? கோரை. மேலே எவ்வளவு மருந்தடித்தாலும் மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறதே, அது மறுபடி முளைவிடும். அதே மாதிரி ஒரு கிருமி இருக்கிறது. 'கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில்' என்று வாய்க்குள் நுழையாத பெயர். டாக்டர்கள் 'சி டிஃப்' என்பார்கள். இந்தக் கிருமி ஆபத்து வந்தால் தடித்த ஓடு போட்டு வித்தாக மாறிச் சுருண்டுகொள்ளும். மருந்து அந்த ஓட்டைத் துளைக்காது. மருந்து நின்றதும் வித்து முளைக்கும். விஷத்தைக் கக்கிக் குடலைப் புண்ணாக்கும். பேதி திரும்பிவிடும். 1978ஆம் ஆண்டு வாக்கில்தான் ஆன்டிபயாடிக்குக்குப் பின்வரும் கடும் குடல்புண்ணுக்கு இதுதான் காரணம் என்று மருத்துவ உலகம் கண்டுகொண்டது.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் படுத்து வந்தவர்களுக்கு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு இதன் ஆபத்து கூடுதல். அவர்கள் சிகிச்சையில் குறை ஒன்றுமில்லை. அந்த வைத்தியத்தில் உடம்பின் எதிர்ப்பு தற்காலிகமாகக் குறையும், ஆன்டிபயாடிக்கும் அடிக்கடி தேவைப்படும், அதனால்தான். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாளிலிருந்து இரண்டு மூன்று மாதம் வரைக்கும், ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். டாக்டரிடம், "போன மாசம் இந்த மாத்திரை சாப்பிட்டாங்க" என்று அட்டையைக் காட்டுங்கள். காலி அட்டையானாலும் பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தை பாதி வைத்தியம்.

சந்தேகம் வந்தால் புதிதாக எடுத்த பேதி மலத்தில் இந்தக் கிருமியின் விஷம் இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். இருந்தால் முதல் வேலை, முந்தைய ஆன்டிபயாடிக்கை நிறுத்த முடியுமானால் நிறுத்துவது. அடுத்தது இதற்கென்று உள்ள மருந்து. வான்கோமைசின் என்று ஒன்று, சாதாரணமாக 125 மில்லிகிராம், நாளைக்கு நான்கு வேளை, பத்து நாள். இதை வாய்வழியாகத்தான் கொடுக்க வேண்டும். நம் ஜனங்களுக்கு ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று ஒரு எண்ணம், "ஊசி போடலியா டாக்டர்?" என்று கேட்காமல் எழுந்திருக்கமாட்டோம். இந்த மருந்தை நரம்பில் ஏற்றினால் குடலுக்கு வேண்டிய அளவில் போய்ச் சேராது. ஆகையால் டாக்டர் குடிக்கக் கொடுத்தால் குறைவாக நினைக்காதீர்கள். ஃபிடாக்சோமைசின் என்ற இன்னொரு மருந்தும் இருக்கிறது. அதில் நோய் திரும்புவது குறைவு. எதுவானாலும் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் மருந்து இல்லை.

சரியான மருந்து கொடுத்தும், முதல் தடவை குணமானவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. ஒரு தடவை திரும்பியவருக்கு மறுபடி திரும்பும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், டாக்டரை மாற்றிக்கொண்டே போகவும் வேண்டாம். திரும்பும்போது அதே பத்து நாளோடு நிறுத்தாமல், பல வாரங்களுக்கு அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார்கள். கிழங்கு முளைவிட முளைவிடக் கிள்ளுகிற மாதிரி. அதற்குள் பயிர் கொஞ்சம் கொஞ்சமாகத் தழைத்துவிடும்.

அதற்கும் கட்டுப்படாவிட்டால் ஒரு வைத்தியம் உண்டு. கேட்டால் மூக்கைப் பிடிப்பீர்கள். ஆரோக்கியமான ஒருவருடைய மலத்தைப் பரிசோதித்து, சுத்தப்படுத்திக் கரைத்து, குழாய் வழியாக நோயாளியின் குடலுக்குள் செலுத்துவது. வெறிச்சோடிய வயலுக்கு நல்ல வயலின் நாற்றைப் பிடுங்கி நடுகிற வேலைதான் இது. நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆராய்ச்சியில், திரும்பத் திரும்ப இந்த நோய் வந்த 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் நின்றது. வான்கோமைசின் மட்டும் கொடுத்த 13 பேரில் 4 பேருக்குத்தான் நின்றது. இந்தியாவிலும் சில பெரிய மருத்துவமனைகளில் செய்கிறார்கள். கொடுப்பவருக்கு வேறு நோய் இருக்கிறதா என்று ஆயிரம் சோதனை பார்த்துத்தான் செய்ய வேண்டும். யாரும் வீட்டில் முயற்சி செய்துவிடாதீர்கள். சிரிக்கிறீர்கள், சொல்லிவைப்பது என் கடமை.

எல்லாத் திரும்பும் பேதியும் இந்தக் கிருமிதான் என்று நான் சொல்லவில்லை. அதற்காகத்தான் டாக்டர் வேண்டும் என்கிறேன். சில பேருக்கு டைபாய்டு கிருமி பித்தப்பையில் குடியேறிவிடும், அதுவும் பித்தப்பையில் கல் உள்ளவர்களுக்கு. அவர் நன்றாகத்தான் இருப்பார், ஆனால் மலத்தில் கிருமி வந்துகொண்டே இருக்கும். வீட்டுச் சமையல் அவர் கையில் என்றால் பேரப்பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகக் காய்ச்சல் வரும். சில பேருக்குக் கிருமியே இல்லை. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையே வயிற்றைக் கழியச்செய்யும், அளவை மாற்றினால் சரியாகும். இன்னும் ஒன்று, பலரும் ஏமாறுவது. படுத்த படுக்கையாக உள்ள முதியவருக்கு நாள்கணக்கில் மலம் இறுகிக் கல்லாக அடைத்துக்கொள்ளும். அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசியும். பார்த்தால் பேதி மாதிரி இருக்கும். உள்ளே மலச்சிக்கல்! அவருக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். மலத்தில் ரத்தம், எடை குறைவு, இத்தனை வயதுக்குப் பிறகு மலம் போகும் வழக்கமே மாறிவிட்டது என்றால் குடலில் கட்டி இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

அந்த நிறுத்தும் மாத்திரை லோபரமைடு. ரத்தம் போகும்போதும், காய்ச்சல் இருக்கும்போதும், ஆன்டிபயாடிக்குக்குப் பின்வந்த பேதி என்று சந்தேகம் உள்ளபோதும் அதைத் தொடவே தொடாதீர்கள். விஷம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும்.

கடையில் பேதிக்கென்று கொடுக்கும் அட்டையில் பெரும்பாலும் இரண்டு மருந்து கலந்திருக்கும்: ஒஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும். என்ன நோய் என்று தெரியாதபோது இரண்டு பக்கமும் சுடுகிற துப்பாக்கி. முதியவருக்கு ஒஃப்லாக்சசின் வகை மருந்தால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற தசைநார் அறுந்துபோவது உண்டு, மனக்குழப்பம் உண்டு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடுவதும் உண்டு. சாதாரணப் பேதியில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. ரத்தபேதி, காலரா போன்றவற்றுக்குத் தேவை. அதை டாக்டர் முடிவு செய்வார். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடெங்குமுள்ள மருத்துவச் சங்கங்களின் பிரதிநிதிகள் இதே சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விற்பதைக் கட்டுப்படுத்த ஒரு திட்டம் வகுத்தார்கள். 'சென்னைப் பிரகடனம்' என்று அதற்குப் பெயர். 2014 மார்ச்சில் அட்டவணை 'ஹெச் 1' என்ற விதி வந்தது. அதிலுள்ள மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். அட்டையின்மேல் சிவப்புக் கோடு இருந்தால், கேட்டதும் கொடுக்கிற சாமான் அன்று என்று அர்த்தம். சட்டம் இருக்கிறது, கடைக்காரரிடம் கேட்காமலிருக்க வேண்டியது நாம்தான்.

சரி, டாக்டரைப் பார்க்கும் வரை வீட்டில் என்ன செய்வது?

தண்ணீர் ஈடுகட்டுவதுதான் எல்லாவற்றுக்கும் முந்தின மருந்து. 1971இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் பன்கான் என்ற ஊரில் காலரா. பாட்டிலில் ஏற்றும் நீர் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பும் சர்க்கரையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்கவைத்தார். நூற்றுக்கு 20, 30 என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. அங்கே நர்ஸாக நின்றது தாயும் தம்பியும் மனைவியும்தான். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களுக்குக் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான்.

பொட்டலத்தின் மேல் எத்தனை தண்ணீர் என்று எழுதியிருக்கும். ஒரு லிட்டருக்கும் உண்டு, 200 மில்லிக்கும் உண்டு. முழுப் பொட்டலத்தையும் சொன்ன அளவு தண்ணீரில் கரையுங்கள். கரைத்ததை ஒரு நாளைக்கு மேல் வைக்க வேண்டாம். பொட்டலம் இல்லையென்றால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பு கூடிவிடக் கூடாது. "சர்க்கரை வியாதிக்காரருக்கு இனிப்பா?" என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், உப்பைக் குடல் உறிஞ்ச அந்தச் சர்க்கரைதான் கைகொடுக்கிறது. இடையிடையே சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழச்சாறு மாதிரி டப்பாவில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்டு விற்றார்களே, அவற்றில் பலவற்றில் சர்க்கரை மிதமிஞ்சி இருந்தது. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பானங்களுக்கு அப்பெயர் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. மருந்துப் பொட்டலத்தையே கேட்டு வாங்குங்கள்.

வாய் வாயாக, அடிக்கடி கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு எவ்வளவு என்று கிராம சுகாதாரச் செவிலியரிடமோ டாக்டரிடமோ கேட்டுக் கொடுக்க வேண்டும். உப்புப் போட்ட கஞ்சி, மோர், இட்லி எல்லாம் தரலாம், பட்டினி போடாதீர்கள். "பேதியில தண்ணி குடுத்தா இன்னும் போவும்" என்று சொல்வதைக் கேட்காதீர்கள். போகிறதுதான் போகிறது, உள்ளே ஈடுகட்டாவிட்டால் மனிதரே போய்விடுவார்.

குழந்தைக்கு நீர் வற்றியதைத் தோலைக் கிள்ளிப் பார்த்துக் கண்டுபிடிப்போம். முதியவருக்கு அது உதவாது, அவர்கள் தோல் சும்மாவே தளர்ந்திருக்கும். நாக்கைப் பாருங்கள், வறண்டிருக்கிறதா? எழுந்தால் தள்ளாடுகிறாரா? ஆறு ஏழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா? பேச்சு குழறுகிறதா, ஆளை மாற்றிச் சொல்கிறாரா? இதில் ஒன்று இருந்தாலும், ரத்தம் போனாலும், காய்ச்சல் அடித்தாலும், வயிறு உப்பி வலித்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். ரத்தக் கொதிப்புக்குத் தரும் நீர் மாத்திரை போன்ற சில மருந்துகளையும் மெட்ஃபார்மினையும் கடும் பேதியின்போது சில நாள் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் 'இதை இன்றைக்குக் கொடுக்கலாமா?' என்று கட்டாயம் கேளுங்கள்.

திரும்பத் திரும்ப வருகிறவரை எங்கே கூட்டிப் போவது? முதலில் நம் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு மேலே போகலாம். முதியவர்களுக்கென்று தனி வைத்தியம் நம் சென்னையில் புதிதன்று, டாக்டர் வ.செ. நடராசன் 1978லேயே அரசுப் பொது மருத்துவமனையில் அதைத் தொடங்கினார். இப்போது கிண்டியில், 1899இல் அம்மைப்பால் தயாரிக்கத் தொடங்கிய கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், முதியோருக்கென்றே 200 படுக்கை கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டிருக்கிறது. செங்கல்பட்டு ரயிலில் போனால் கிண்டியில் இறங்கலாம். மூத்தவரின் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போங்கள். என்றைக்கு ஆரம்பித்தது, எத்தனை தடவை, எப்போது நின்றது, எப்போது திரும்பியது என்று பிள்ளையின் நோட்டில் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம். அந்த ஓடு போட்ட வித்து கையில் தடவிக்கொள்ளும் சானிடைசருக்குச் சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். கக்கூஸ், வாளி, கட்டில் சட்டம் இவற்றை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அன்றன்றைக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். அழுக்குத் துணியை உதறாமல் தனியாக வெந்நீரில் துவையுங்கள். குடிதண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும்; சொம்பை உள்ளே விடாமல் சாய்த்து ஊற்றிக்கொள்ளுங்கள். பங்குனியில் அறுபத்துமூவர் பார்க்க மயிலாப்பூருக்குப் பெரியவர்களைக் கூட்டிப் போவீர்கள். வீதியெங்கும் மோரும் பானகமும் சாதமும் அன்போடு கொடுப்பார்கள். சூடாக இருக்கும் சாதத்தை வாங்கிச் சாப்பிடலாம். எந்தத் தண்ணீரில் கலந்தது என்று தெரியாத மோர், சற்று முன்தான் பேதியிலிருந்து எழுந்தவருக்கு வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப்போங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

குணமான பிறகு, "கிருமி போயிடுச்சான்னு இன்னொரு டெஸ்ட் எடுக்கலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். சி டிஃப் விஷயத்தில் வேண்டாம். பேதி நின்றவருக்கும் சில வாரம் சோதனையில் கிருமி தெரியலாம்; அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மருந்து கொடுத்தால் பழைய கதைதான். பேதி நின்று, பசி எடுத்து, நடமாடினால் குணம். அதற்குப் பிறகு பல்லுக்கோ சளிக்கோ எந்த டாக்டரிடம் போனாலும், "இவங்களுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு பேதி வந்திருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் வேறு மருந்து யோசிப்பார், அல்லது மருந்தே வேண்டாம் என்பார்.

இனி கேள்வி கேட்கலாம். கூச்சமாக இருந்தால் கூட்டம் கலைந்த பிறகு திண்ணைப் பக்கம் வாருங்கள்; நான் ஐந்தரை மணி பஸ்ஸுக்குத்தான் கிளம்புகிறேன். செவிலியரிடம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கிறது, வீட்டுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போங்கள்.